ஆறு மாசம் லேட்டா போட்ட க்ரீம்

கொஞ்சம் நீளமான த்ரெட். கைக்குழந்தை, ரெண்டு வயசுக்குள்ள பிள்ளை வீட்டுல இருந்தா, அதுக்குத் தோல் வறண்டு, சிவந்து, ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டு இருந்தா, பொறுமையா படிங்க. மத்தவங்க சேமிச்சு வச்சுக்கலாம்.

இன்னைக்கு சாயங்கால ஓபியில் ஒரு அம்மா. மடியில் ஒன்றரை வயசுப் பையன். ரெண்டு முழங்கால் மடிப்பும் கன்னமும் சிவந்து, கீறல் கீறலா இருந்துச்சு. எக்ஸிமா. நம்ம ஊரில் கரப்பான்னு சொல்வோம். சீட்டில் ஸ்டீராய்டு க்ரீம் எழுதினேன். அதைப் படித்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா மெதுவாகக் கேட்டாங்க: "டாக்டர், தப்பா நினைக்காதீங்க. உங்க பிள்ளைன்னா இதைப் போடுவீங்களா?"

"போட்டேன்ம்மா. ஆனா ஆறு மாசம் லேட்டா போட்டேன்"னு சொன்னேன்.

அந்த ஆறு மாசத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் குழந்தைகள் நல மருத்துவர். என் மகனுக்கு இப்போ 6 வயசு. இதை இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

அவனுக்கு நாலாவது மாசத்தில் கன்னம் சிவக்க ஆரம்பித்தது. எச்சில் பட்டுதான்னு நினைத்தேன். ஆறாவது மாசம் கை, கால் எல்லாம் பரவிருச்சு. தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். ராத்திரி ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினதில்லை. கையில் காட்டன் சாக்ஸ் மாட்டிவிட்டால், தலையணையில் கன்னத்தைத் தேய்ப்பான். காலையில் தலையணை உறையில் சின்னச் சின்னதா ரத்தப் புள்ளி இருக்கும். நான் அந்த உறையை யாரும் பார்க்கும் முன்னாடி ஊறப் போட்டுருவேன். டாக்டர் வீட்டுப் பிள்ளை இல்லையா.

எட்டாவது மாசம் தோல் மருத்துவரான ஒரு தோழியிடம் காட்டினேன். அவள் பார்த்த உடனே ஒரு க்ரீமும் ஒரு மாய்ஸ்சரைசரும் எழுதித் தந்தாள். வாங்கினேன். போட்டேன்னு சொல்லிக்கொண்டேன். உண்மையில் செய்தது என்னன்னா, விரல் நுனியில் ஒரு கடுகளவு எடுத்து, ரொம்ப சிவந்த இடத்தில் மட்டும் தொட்டு வைப்பேன். ரெண்டு நாளில் சிவப்பு கொஞ்சம் மங்கும். உடனே நிறுத்திருவேன். மூணாவது நாள் திரும்ப வரும். "பார்த்தியா, நிறுத்தினா வந்திருது, பழகிருச்சு"ன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்.

இதே தப்பை என் பேஷன்ட்டோட அம்மாக்கள் செய்யும்போது, எத்தனை பேரைக் கடிந்திருக்கேன்!

எங்கம்மா, அதாவது அவனோட ஆச்சி, திருநெல்வேலிக்காரங்க. அவங்களுக்கு இதெல்லாம் புதுசே இல்லை. "ஏட்டி, இது கரப்பான். நீ கத்தரிக்காயும் கருவாடும் தின்னுக்கிட்டே பால் குடுத்தா எப்படி ஆறும்?"னாங்க. கரப்பான் பண்டம்னு நம்ம பாட்டிமார்கள் ஒரு நீளமான பட்டியல் வைத்திருப்பாங்க. கத்தரிக்காய், கருவாடு, நண்டு, இறால், நிலக்கடலை. நான் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் அதையெல்லாம் நிறுத்தினேன். பிள்ளையின் தோலில் எந்த மாற்றமும் இல்லை. நான்தான் மூணு கிலோ இளைத்தேன்.

ஆச்சி தினமும் பயத்தம்மாவு தேய்த்துக் குளிப்பாட்டுவாங்க. கொதிக்கக் கொதிக்க இல்லைன்னாலும் நல்ல சூடான தண்ணி. முடிந்ததும் சாம்பிராணி புகை. அவங்க நாலு பிள்ளையை வளர்த்தது அப்படித்தான். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. ராத்திரி முழுக்க முழித்துவிட்டு காலையில் ஓபிக்கு ஓடுகிறவளுக்கு, பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு ஆள் இருக்காங்க என்பதே பெரிய விஷயமா இருந்துச்சு.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, தோலில் என்னதான் நடக்குதுன்னு சொல்லிடுறேன்.

நல்ல தோல் காரை பூசின சுவர் மாதிரி. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது, வெளியே இருக்கிற தூசி, கிருமி, அலர்ஜிப் பொருள் உள்ளே வராது. எக்ஸிமா பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அந்தக் காரை சரியில்லை. 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடித்தாங்க. தோலின் மேலடுக்கைக் கட்டிவைக்க உதவும் ஃபிலாக்ரின் என்கிற புரதத்தின் மரபணுவில் கோளாறு இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம். எல்லா எக்ஸிமா பிள்ளைக்கும் இந்தக் கோளாறு இருக்கும்னு அர்த்தமில்லை. ஆனால் அதுவரை "உள்ளே இருக்கிற அலர்ஜி தோலில் தெரியுது"ன்னு நினைத்துக்கொண்டிருந்த மருத்துவ உலகம், "ஒருவேளை தோல் ஓட்டையாக இருப்பதால்தான் அலர்ஜியே வருதோ"ன்னு தலைகீழாக யோசிக்க இது பெரிய காரணம்.

லண்டனைச் சேர்ந்த கிடியன் லாக் என்ற குழந்தை அலர்ஜி நிபுணரின் குழு 2003-லேயே ஒன்றைக் கவனித்தது. நிலக்கடலை எண்ணெய் கலந்த க்ரீம்களைப் புண்ணான தோலில் தடவின குழந்தைகளுக்குப் பின்னாளில் நிலக்கடலை அலர்ஜி அதிகமா இருந்தது. வாய் வழியாகப் போகும் உணவை உடம்பு "இது நம்ம ஆள்"னு பழகிக்கொள்கிறது. அதே உணவு உடைந்த தோல் வழியாக முதலில் உள்ளே போனால் "திருடன்"னு பதிவு பண்ணிக்கொள்கிறது. இதுதான் இன்றைக்கு நாங்கள் நம்பும் விளக்கம். எக்ஸிமா இருக்கிற பிள்ளைக்குக் கடலைமாவு, பயத்தம்மாவு, பால் ஏடு, கோதுமைத் தவிடு எதையும் தேய்க்காதீங்கன்னு நான் சொல்வது இதனால்தான். மாவு தோலை வறளவும் வைக்கும், அது தனி.

கதைக்கு வருகிறேன். பத்தாவது மாசம். ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அழுதுகொண்டே முடிவு பண்ணினேன், இது சாப்பாட்டு அலர்ஜிதான், கண்டுபிடிச்சே தீரணும்னு. மறுநாள் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தோம். "ஃபுட் அலர்ஜி பேக்கேஜ்". ஒரே ரத்தத்தில் வரிசையா ஏகப்பட்ட உணவுகளுக்கு ஐஜிஇ பரிசோதனை. ரிப்போர்ட் வந்தது. முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, சோயா எல்லாத்துக்கும் பாசிட்டிவ். சிவப்பு மையில்.

ஐஜிஇ பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்த உணவை "பார்த்திருக்கு, குறித்து வைத்திருக்கு" என்பது மட்டும்தான். சாப்பிட்டால் ஒத்துக்காது என்று அர்த்தமில்லை. எக்ஸிமா பிள்ளைகள் பலருக்கு இந்த டெஸ்ட் ஏதாவது சில பொருளுக்காவது பாசிட்டிவ் காட்டும். ஒரு குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம் வந்திருந்தால், அந்த உணவுக்கு மட்டும் டெஸ்ட் எடுப்பதில் பொருள் இருக்கு. மொத்தமா பேக்கேஜ் போட்டு எடுப்பது, வலையை வீசி எது மாட்டுதோ அதைக் குற்றவாளின்னு சொல்ற கதை. இதை நான் மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கேன்.

ஆனா அன்றைக்கு அந்த ரிப்போர்ட்டை வாசித்தது டாக்டர் இல்லை. பத்து மாசமா தூங்காத ஒரு அம்மா. எல்லாத்தையும் நிறுத்தினேன்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: எட்டாவது மாசத்திலிருந்து அவன் முட்டை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். வாரத்தில் மூணு நாள், அவித்து மசித்து. ஒரு தடிப்பு வந்ததில்லை. இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

பத்து மாசத்தில் 8.6 கிலோ இருந்தான். பதினாலு மாசத்தில் 8.7. நாலு மாசத்தில் நூறு கிராம். கஞ்சி, பருப்பு சாதம், வாழைப்பழம், திரும்பவும் கஞ்சி. தோல்? அதே சிவப்பு, அதே கீறல், அதே தலையணை உறை. வேறொரு பிள்ளையின் எடை அட்டையில் இப்படி ஒரு கோடு படுத்துக் கிடந்தால் அன்றைக்கே அட்மிஷன் போட்டிருப்பேன்.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான், எனக்குப் பாடம் எடுத்த பழைய புரொபசரிடம் கூட்டிப்போனார். அவர் ஓய்வு பெற்று மதுரையில் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்க்கிறார். சார் முதலில் பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "கடைசியா எப்ப தூங்கினே?"

அப்புறம், "க்ரீம் கொண்டு வந்தியா?" பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். 15 கிராம் டியூப். கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். "எப்ப வாங்கினது?"

"ஆறு மாசம் இருக்கும் சார்."

"பாதி அப்படியே இருக்கேம்மா. நீ மருந்து போடல. பிள்ளைக்கு மருந்தைக் காட்டியிருக்கே."

என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நுனியிலிருந்து முதல் கோடு வரைக்கும் டியூபிலிருந்து ஒரு நீளக் கோடாகப் பிதுக்கினார். இதற்கு ஃபிங்கர்டிப் யூனிட்னு பேர். பெரியவங்க விரலில் ஒரு யூனிட் என்பது சுமார் அரை கிராம். பெரியவங்க கை, விரலோடு சேர்த்து ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு ஒரு யூனிட் போதும். ஒன்றிலிருந்து ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு கை முழுக்க என்றால் ஒன்றரை யூனிட். ஒரு கால் முழுக்க என்றால் ரெண்டு. "இவனுக்கு ரெண்டு கை, ரெண்டு கால். கணக்குப் போடு." ஏழு யூனிட். மூன்றரை கிராம். தினம் ஒருவேளை போட்டாலே இந்த டியூப் நாலு நாளில் தீர்ந்திருக்கணும். நான் ஆறு மாசம் ஓட்டியிருக்கேன்.

சார் எழுதிக் கொடுத்தது பெரிய ரகசியமெல்லாம் இல்லை. கை காலுக்கு நடுத்தர வீரியமுள்ள ஸ்டீராய்டு, தினம் ஒருவேளை. முகத்துக்கு மெல்லிய வீரியம். தோல் கையால் தடவினால் வழுவழுன்னு ஆகிற வரைக்கும் போடணும், சிவப்பு மங்கினதும் நிறுத்தக் கூடாது. அதற்குப் பிறகு அடிக்கடி திரும்ப வரும் இடங்களில் மட்டும் வாரத்தில் ரெண்டு நாள், சில மாசம். கூடவே மாய்ஸ்சரைசர், அதுவும் அள்ளி அள்ளி. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் எக்ஸிமா பிள்ளைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரைக்கும் சொல்லுது. நாம் வாங்கும் 100 கிராம் டியூப் ரெண்டு மாசம் வந்தால், அது போடுகிற கணக்கே இல்லை. விலை ஒரு பிரச்சினைதான், தெரியும். வாசனை, மூலிகை, குழந்தைப் படம் எதுவும் தேவையில்லை. டப்பாவில் வரும் சாதாரண வெள்ளை பாரஃபின் சேர்ந்த களிம்பே போதும்.

க்ரீம் பெயரை ஏன் எழுதலைன்னு கேட்பீங்க. எழுதினால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நேரா மருந்துக்கடைக்குப் போவீங்க. அதான்.

ஸ்டீராய்டு பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. அதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையா எழுதினதா ஆகாது. நம்ம ஊரில் ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், படர்தாமரை மருந்து மூணையும் ஒன்றாகக் கலந்த க்ரீம்கள் வருடக்கணக்கா கடையில் மிட்டாய் மாதிரி விற்றிருக்கு. அதில் இருக்கிற ஸ்டீராய்டு பல சமயம் ரொம்ப வீரியமானது. முகத்தில் மாசக்கணக்கில் போட்டு, தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிகிற பெண்களை வாரம் ஒருத்தராவது பார்க்கிறோம். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதுன்னு கொண்டுவந்தது இதனால்தான். ஆனால் அந்தக் கதையும், சரியான வீரியத்தில், சரியான இடத்தில், டாக்டர் சொன்ன நாள் வரை போடுகிற கதையும் ஒன்றில்லை. சொறிந்து சொறிந்து தடித்துப் போன தோலும், சீழ் பிடித்த தோலும், தூங்காத மூளையும் பிள்ளைக்குச் செய்யும் கெடுதல் இதைவிட அதிகம்.

குளியலைப் பொறுத்தவரை: வெதுவெதுப்பான தண்ணி, அஞ்சிலிருந்து பத்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். நுரை பொங்கும் சோப்பு வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். சாம்பிராணி புகை தோலுக்கும் ஆகாது, மூச்சுக்கும் ஆகாது. தேங்காய் எண்ணெய் லேசான வறட்சிக்குத் தாராளமா தடவலாம், ஆலிவ் எண்ணெய் வேண்டாம், அது தோலின் காரையை இன்னும் பெயர்க்கும். "எங்க வீட்டில உப்புத்தண்ணி, அதனாலதான்"னு நிறைய பேர் சொல்றாங்க. தண்ணியின் கடினத்தைக் குறைக்கும் மெஷினை வீட்டில் மாட்டி இங்கிலாந்தில் ஆய்வே செய்து பார்த்தாங்க. எக்ஸிமா அதனால் கூடுதலா குறையவில்லை. அந்தக் காசுக்கு மாய்ஸ்சரைசர் வாங்குங்க.

எங்க ஊர் வெயிலில் வியர்வைதான் முதல் எதிரி. வியர்த்தால் கழுவி விடுங்க, தளர்வான பருத்தி போடுங்க. பட்டுப்பாவாடையும் ஜரிகை ஜிப்பாவும் போட்டோ எடுக்கிற பத்து நிமிஷத்துக்கு மட்டும்.

அரிப்புக்குன்னு தூக்கம் வரும் சிரப் கேட்டு வாங்குறீங்க. எக்ஸிமா அரிப்பை அது தணிக்கிறதில்லை, பிள்ளையை மயக்கத்தில் வைக்கும், அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து வந்த அன்றைக்கே ஏழு யூனிட்டையும் பிதுக்கினேன். கை நடுங்குச்சு. அஞ்சாவது நாள் ராத்திரி திடீர்னு முழிப்பு வந்து பார்த்தால் மணி நாலரை. வீடு அமைதியா இருக்கு. பயந்துபோய் அவன் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். தூங்குறான். ஒன்பது மணிக்குப் படுத்த பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கான். பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ரெண்டு வாரத்தில் முட்டிங்கால் மடிப்பு வழவழன்னு ஆயிருச்சு. எல்லா உணவையும் நிறுத்தியும் ஆறாதது, உணவைத் தொடாமலே ஆறிருச்சு.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. முடியவில்லை.

சார் சொன்னபடி உணவை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்க ஆரம்பித்தேன். பால், கோதுமை, சோயா எதுவும் ஒன்றும் செய்யவில்லை. நிலக்கடலையை மட்டும், தோலில் ஊசிப் பரிசோதனை செய்து நெகட்டிவ்னு பார்த்த பிறகு, அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுத்தோம். "முட்டையையும் ஆஸ்பத்திரியில வச்சுக் கொடு"ன்னு சார் சொல்லியிருந்தார். "அவன் முன்னாடியே சாப்பிட்டவன்தானே"ன்னு நான் நினைத்தேன்.

பதினைந்தாவது மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு ஸ்பூன். பத்து நிமிஷம் இருக்கும். வாயைச் சுற்றித் தடிப்பு. அப்புறம் வயிறு, முதுகு. ரெண்டு தடவை வாந்தி. அப்புறம் ஒரு இருமல், குரல் கம்மி, நாய்க்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அப்படியே என் தோளில் துவண்டுவிட்டான்.

என் கை முதலில் எங்கே போச்சு தெரியுமா? செட்ரிசின் பாட்டிலுக்கு. பதினோரு வருஷ அனுபவம். மூடியைத் திறந்துகொண்டிருக்கேன். என் வீட்டுக்காரர் பேங்க்கில் வேலை பார்க்கிறவர், மருத்துவம் தெரியாதவர், அவர்தான் கத்தினார்: "கீழ க்ளினிக்ல ஊசி இருக்குல்ல, அதை எடுடி!"

அட்ரினலின். ஒரு கிலோ எடைக்கு 0.01 மி.கி. என்பது கணக்கு. அவன் அப்போ 9 கிலோ. 1 மி.லி. சிரிஞ்சில் 0.09 மி.லி. ஏற்றி, தொடையின் வெளிப்பக்க நடுவில், சதையில் போட்டேன். நாலஞ்சு நிமிஷம். அதைவிட நீளமான நாலஞ்சு நிமிஷம் என் வாழ்க்கையில் இல்லை. அழ ஆரம்பித்தான். அவன் அழுகையைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது பிறந்தப்போ ஒரு தடவை, அன்றைக்கு ஒரு தடவை.

இதை எல்லாரும் மனசில் வைங்க. சாப்பிட்டு கொஞ்ச நேரத்தில் வெறும் தடிப்பு மட்டும் வந்தால் செட்ரிசின் போதும். தடிப்போடு மூச்சுத் திணறல், குரல் மாற்றம், விடாத வாந்தி, துவண்டு போவது, இதில் ஏதாவது சேர்ந்தால் அது அனஃபிலாக்சிஸ். அதற்கு மருந்து அட்ரினலின் ஒன்றுதான். செட்ரிசினும் ஸ்டீராய்டு ஊசியும் அதற்கு மாற்று இல்லை. 108-ஐக் கூப்பிடுங்க, அல்லது எது பக்கமோ அந்த ஆஸ்பத்திரிக்குப் போங்க. பிள்ளையைப் படுத்த வாக்கில் வையுங்க, தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு ஓடாதீங்க. தேறிவிட்டான்னு வீட்டுக்குக் கூட்டிவராதீங்க. சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம். வெளிநாட்டில் பேனா மாதிரி ஒரு ஊசியைக் கையிலேயே வைத்திருப்பாங்க. அது நம்ம தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்கிற பொருள் இல்லை. அதனால் இப்படி ஒருமுறை வந்த பிள்ளையின் அப்பா அம்மாவுக்கு, ஆம்பியூலையும் சிரிஞ்சையும் அளவை எழுதிக் கொடுத்து, போடவும் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறேன்.

இப்போ அந்த முட்டை விஷயம். எக்ஸிமா பிள்ளை ஒத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவை, டெஸ்ட் பாசிட்டிவ்னு மாசக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது, முன்னாடி இல்லாத கடுமையான அலர்ஜி புதுசா வரலாம். இது மருத்துவ இதழ்களில் பதிவான விஷயம். உணவு வாய் வழியாக வந்துகொண்டே இருக்கும் வரைக்கும் உடம்பு பொறுத்துக்கொள்கிறது. நிறுத்தினால் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. என் மகனுக்கு நடந்தது அதுதான்னு என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அப்படித்தான்னு நான் நம்புகிறேன்.

2015-ல் வந்த லீப் ஆய்வைப் பற்றிப் படித்தவள்தான் நான். அதே கிடியன் லாக் குழு. இஸ்ரேலில் குழந்தைகள் பாம்பா என்கிற நிலக்கடலைப் பொரியைக் கைக்குழந்தையிலிருந்தே கொறிக்குது, அங்கே நிலக்கடலை அலர்ஜி குறைவு. பிரிட்டனில் அதைத் தள்ளி வைத்த யூதக் குழந்தைகளுக்குப் பத்து மடங்கு அதிகம். இதைக் கவனித்துவிட்டு, கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளை ரெண்டாகப் பிரித்தாங்க. அஞ்சு வயசில், தவிர்த்த குழுவில் சுமார் 17 சதவீதம் பேருக்கு நிலக்கடலை அலர்ஜி. சாப்பிட்ட குழுவில் சுமார் 3 சதவீதம். உலகமே ஆலோசனையை மாற்றிக்கொண்டது. நானும் மற்ற பிள்ளைகளுக்கு மாற்றிக்கொண்டேன். அரைத்தோ மசித்தோதான், முழுக் கடலை அஞ்சு வயசு வரைக்கும் கூடாது, தொண்டையில் அடைக்கும். எக்ஸிமா கடுமையா இருந்தால் ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் கேளுங்க.

அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில் அவனைக் கண்காணிப்பில் வைத்திருந்தாங்க. ஆச்சி பக்கத்து ஸ்டூலில். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏட்டி, நான் தேச்ச மாவாலதான் பிள்ளைக்கு இப்படி ஆச்சோ?"ன்னாங்க.

"இல்லம்மா. மாவு முட்டை அலர்ஜியக் கொண்டு வராது."

"பொறவு?"

"முட்டைய நிறுத்துனது நான்."

அவங்க என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும். பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாங்க. "கேன்டீன் அடைக்கதுக்குள்ள போயி ஒரு காபி குடிச்சிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்"னாங்க.

மறுநாளிலிருந்து பயத்தம்மாவு டப்பா சமையலறைக்குப் போயிருச்சு. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாய்ஸ்சரைசர் போடுவதில் இப்போ எங்கம்மாவை மிஞ்ச ஆளில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துப் பூசுறாங்க.

இடைப்பட்ட வருஷங்களை வேகமா சொல்றேன். முட்டை அலர்ஜி இருந்தாலும் எம்எம்ஆர் தடுப்பூசியும் ஃப்ளூ தடுப்பூசியும் போடலாம். அவனுக்கும் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை. மூணு வயசில் ஆஸ்பத்திரியில் வைத்து, நன்றாக வெந்த கேக்கில் கலந்த முட்டையைக் கொடுத்துப் பார்த்தோம், ஒத்துக்கொண்டான். அஞ்சு வயசில், அதே மாதிரி கையில் ஊசிக்குழாய் ஏற்றி, பக்கத்தில் அட்ரினலின் வைத்துக்கொண்டு, ஆம்லெட். பால், முட்டை அலர்ஜி பெரும்பாலும் வளர வளர விட்டுப்போகும். முந்திரி, நிலக்கடலை அலர்ஜி அவ்வளவு சுலபமா விடாது. இதையெல்லாம் வீட்டில் சோதனை பண்ணாதீங்க. பண்ணினவள் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம் விட்டுப்போச்சு. எக்ஸிமா மேல் மஞ்சளா பொருக்குக் கட்டினாலோ நீர் வடிந்தாலோ கிருமித் தொற்று, உடனே காட்டுங்க. காய்ச்சலோடு, துளை போட்ட மாதிரி ஒரே அளவில் சின்னச் சின்னப் புண்கள் கொத்துக் கொத்தாக வந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அது அவசரம், காலையில் பார்ப்போம்னு இருக்காதீங்க. வீட்டில் யாருக்காவது உதட்டில் காய்ச்சல் கொப்புளம் இருந்தால் பிள்ளைக்கு முத்தம் கொடுக்க வேண்டாம்.

இன்னைக்கு வந்த அந்த அம்மாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. வெளியே இருபது பேர் காத்திருந்தாங்க. அவங்க விரலில் மாதிரிக்கு மாய்ஸ்சரைசரை முதல் கோடு வரைக்கும் பிதுக்கிக் காட்டி, பையனின் ரெண்டு காலுக்கும் எத்தனை யூனிட்னு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது, "டாக்டர், முட்டை, பால் எல்லாம் நிறுத்தணுமா? இப்ப சாப்பிட்டுட்டுதான் இருக்கான்"னு கேட்டாங்க.

"சாப்பிட்டு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல."

"அப்ப நிறுத்தவே நிறுத்தாதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. வரும்போது அந்த க்ரீம் டியூபையும் கொண்டு வாங்க."

"தீர்ந்துருச்சுன்னா?"

"காலி டியூபைத்தான் கேட்கிறேன்."